கட்டிங் வேஸ்ட்டை மில்லுக்கே திருப்பி அனுப்புவது எப்படி: திருப்பூர் சிறு யூனிட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஆவணி மாதத்தில் 900 கிலோ வெள்ளைக் கட்டிங் வேஸ்ட்டை, அதாவது பனியன் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை, டெம்போவில் ஏற்றிப் பல்லடம் பக்கத்து ஓபன் எண்ட் மில் (கழிவுப் பஞ்சில் தடித்த நூல் நூற்கும் ஆலை) ஒன்றுக்கு அனுப்பினோம். இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது. மூன்று சாக்குகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் லைக்ரா (இழுபடும் செயற்கை இழை) கலந்த ரிப் துணி, இன்னொன்றில் பிரின்ட் அடித்த துண்டு, மூன்றிலும் சாக்கிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக் இழை. "இதையா சார் வெள்ளை என்று எழுதி அனுப்பினீர்கள்?" என்று கேட்டார் மேலாளர். அவர் கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். டெம்போ அப்படியே திரும்பி வந்தது. போக வர வாடகையும் ஏற்றி இறக்கிய கூலியும் எங்கள் தலையில் விழுந்தன. மறுநாள் வழக்கமான வேஸ்ட் கடைக்காரர் வந்து, கலவை விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் தட்டுத் தடுமாறித்தான் இப்போது மாதம் ஒரு லோடு ஒழுங்காகப் போகிறது. பத்து முதல் நாற்பது மெஷின் வரை வைத்திருக்கும் யூனிட்டுகளுக்காக இதை எழுதுகிறேன். வாங்குபவர் அனுப்பும் படிவத்தில் "சுழற்சிப் பொருளாதாரத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் நல்ல பருத்தித் துண்டு அநேகமாகக் குப்பைக்குப் போவதில்லை. யாரோ வாங்குகிறார்கள், யாரோ பிரிக்கிறார்கள், ஏதோ ஒரு மில்லில் அது மறுபடி நூலாகிறது. கரூர், ஈரோடு, சென்னிமலைப் பக்கம் தறியில் ஓடும் தடித்த நூலில் நம் ஊர்த் துண்டும் இருக்கிறது. ஆகவே நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பிரித்துக் கொடுத்தால் வரும் கூடுதல் விலையும், எழுதி வைத்தால் கிடைக்கும் சான்றும் நம் யூனிட்டிலேயே தங்க வேண்டும். இந்த வழிகாட்டி அவ்வளவுக்குத்தான்.

1. துணி யாருடையது என்று பாருங்கள்

நீங்கள் சொந்தமாகத் துணி வாங்கித் தைப்பவர் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஜாப் ஒர்க் (பிறர் துணியைக் கூலிக்குத் தைப்பது) செய்பவர் என்றால் இங்கேயே நில்லுங்கள்.

ஜாப் ஒர்க்கில் துணி எக்ஸ்போர்ட்டருடையது. அதிலிருந்து விழும் துண்டும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவருடையதே. "வேஸ்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருப்பார். பீஸ் ரேட்டைப் பேசும்போது அதை மனத்தில் வைத்துக் குறைத்தும் இருப்பார். அதை ஒரு பக்கக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு, பதிவு பெற்ற ஜாப் ஒர்க்கர் தன் இடத்திலிருந்தே கழிவை வரி கட்டி விற்கலாம் என்கிறது. பதிவு இல்லையென்றால் துணி கொடுத்தவர்தான் விற்க வேண்டும். கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: கழிவு யாருக்கு உரியது, யார் பில் போடுவது, பிராண்ட் பெயர் அச்சிட்ட துண்டுகளையும் லேபிளையும் என்ன செய்வது.

இந்த மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். பிராண்ட் பெயரோடு ஒரு ரிஜெக்ட் பீஸ் வெளிச் சந்தையில் தென்பட்டால் ஆர்டரே போய்விடும். அப்படிப்பட்ட பீஸ்களைக் குறுக்கே வெட்டித் தனிச் சாக்கில் போடுங்கள். வெட்டியதைப் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு மாதம் எடை மட்டும் போடுங்கள்

எதையும் மாற்றாதீர்கள், எடை மட்டும் போடுங்கள். டிஜிட்டல் தராசு ஒன்றும் நீள நோட்டு ஒன்றும் போதும். ஒவ்வொரு லேயும் (மேசையில் அடுக்கடுக்காக விரித்த துணி) வெட்டி முடிந்ததும் உள்ளே வந்த துணி எத்தனை கிலோ, பீஸாகப் போனது எத்தனை கிலோ, துண்டாக விழுந்தது எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.

எங்களிடம் மாதம் சுமார் 3,000 கிலோ துணி வெட்டுகிறோம். துண்டு 12 விழுக்காடு, அதாவது 360 கிலோ விழுந்தது. இந்தக் கணக்கில் ஒரு எதிர்பாராத லாபமும் இருந்தது. ஒரு ஸ்டைலில் மட்டும் 17 விழுக்காடு போவதைக் கவனித்தோம். கட்டிங் மாஸ்டரைக் கேட்டால், துணியின் அகலம் மார்க்கருக்கு (வெட்டும் பாகங்களை அடுக்கி வரைந்த தாள்) பொருந்தவில்லை என்றார். மார்க்கரை மாற்றிப் போட்டதில் மிச்சமான துணியின் மதிப்பு, அந்த மாதம் வேஸ்ட் விற்றுக் கிடைத்த மொத்தப் பணத்தைவிட அதிகம். எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் துண்டு துணி விலைக்கு வராது. ஆகவே முதல் வேலை துண்டைக் குறைப்பது. விற்பது அதற்குப் பிறகு.

3. மேசையிலேயே பிரியுங்கள்

எல்லாரும் தவறுவது இங்கேதான். துண்டையெல்லாம் ஒரே குவியலாகக் கூட்டி மூலையில் தள்ளிவிட்டு, மாதக் கடைசியில் இரண்டு பெண்களை உட்கார வைத்துப் பிரிக்கச் சொல்வோம். கூலி ஆகும், கண் வலிக்கும், லைக்ரா கலந்ததும் கலக்காததும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெட்டும் நேரத்தில் மட்டும்தான் இந்தத் துணி என்ன ரகம் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். லே டிக்கெட் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது அல்லவா? சாக்கிலும் அதே லே நம்பரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

நாங்கள் வைத்திருக்கும் வகைகள் இவை:

- நூறு விழுக்காடு பருத்தி, வெள்ளை
- நூறு விழுக்காடு பருத்தி, வெளிர் நிறம்
- நூறு விழுக்காடு பருத்தி, அடர் நிறம். கறுப்பும் நேவியும் அளவு அதிகமானால் தனித்தனியாக
- பாலியஸ்டர் கலந்தது
- லைக்ரா கலந்தது
- பிரின்ட், எம்பிராய்டரி, எண்ணெய்க் கறை பட்டது

கடைசி இரண்டையும் ஓபன் எண்ட் மில் விரும்பாது. லைக்ரா, கிழிக்கும் இயந்திரத்தில் அறுபடாமல் இழுபட்டு முடிச்சு முடிச்சாகச் சுருளும். பிரின்ட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பசை நொறுங்கிப் பஞ்சோடு கலந்துவிடும். உங்கள் ஆர்டரில் கழுத்து ரிப் மட்டும் லைக்ராவாக இருந்தால், அதை வேறு மேசையில் அல்லது வேறு நேரத்தில் வெட்டச் சொல்லுங்கள். எங்கள் 900 கிலோ திரும்பி வந்ததற்கு ஒரு கைப்பிடி ரிப்பும் காரணம்.

நிறம் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. மில், நிறத் துண்டை நிறப் பஞ்சாகவே நூற்கிறது. மறுபடி சாயம் போடுவதில்லை. சாயக் கழிவுநீருக்கு நம் ஊர் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரியும், அதனால் இதை விரித்துச் சொல்லவில்லை. ஒரே நிறத்தில் 500 கிலோ கொடுக்க முடிந்தால், அதற்கு மில்லே உங்களைத் தேடி வரும்.

இனி, யாரும் வெளியே சொல்லாத சிக்கல் ஒன்று. பல யூனிட்டுகளில் "வேஸ்ட் காசு" முதலாளியிடம் வருவதே இல்லை. மாஸ்டருக்கோ காண்ட்ராக்டருக்கோ போகிறது, அல்லது டீச் செலவாகக் கரைகிறது. நீங்கள் நோட்டும் தராசும் எடுத்து வந்தால் அது அவர்களுடைய வருமானத்தில் கை வைப்பதாகும். எங்கள் மாஸ்டர் முதல் வாரம், "நான் துணி வெட்டட்டுமா, துண்டு பொறுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு விடுப்பில் போய்விட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் முன்பு எடுத்த தொகையை மாதச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டோம். கலவை விலைக்கு மேல் கிடைக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு மேசைக்காரர்களுக்கு என்று பேசினோம். அடுத்த மாதமே சாக்குகள் சுத்தமாயின. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுபவர் மூன்றாம் மாதம் கைவிட்டுவிடுவார்.

4. சாக்கு, இடம், தீ

வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். அதன் ஓரத்திலிருந்து உதிரும் இழை பருத்தியோடு கலந்தால் நூற்பாலைக்குப் பெரும் தலைவலி. நூலில் புகுந்து, துணியான பிறகு சாயம் ஏறாத கோடாகத் தெரியும். ரிஜெக்ட் துணியிலேயே பெரிய பைகளாகத் தைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அப்படி நாற்பது பைகள் இருக்கின்றன. மில்லிலிருந்து திரும்பி வருகின்றன. வகைக்கு ஒரு நிறக் கயிறு கட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றிப் போடுவார்.

தரையில் மரப்பலகை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். ஈரம் ஏறினால் மில் எடையில் கழிக்கும். மழைக்காலத்தில் எத்தனை விழுக்காடு என்று சொல்லாமலேயே கழிக்கும். வேஸ்ட் அறையில் சுவிட்ச் போர்டு இருக்கக் கூடாது, அயர்னிங் டேபிளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், தீயணைப்பான் வாசலுக்கு வெளியே தொங்க வேண்டும். உங்கள் தீ காப்பீட்டில் கழிவு இருப்பு சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உடைந்த ஊசி, சேஃப்டி பின், ஸ்டேப்ளர் பின் ஆகியவை சாக்குக்குள் விழாமல் பார்க்க வேண்டும். இரும்பு கிழிக்கும் இயந்திரத்தில் உரசினால் பொறி பறக்கும். பஞ்சு மில்லில் பொறி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

5. மில்லைப் பிடிப்பது

சிறு யூனிட்டுக்கு உண்மையான தடை இதுதான். ஒரு டன்னுக்குக் கீழே என்றால் பெரும்பாலான மில்கள் பேசவே மாட்டார்கள். 360 கிலோவை வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தால் இடமும் போகும், விலையும் மாறிவிடும்.

நாங்கள் செய்தது: அதே தெருவில் இருக்கும் இரண்டு யூனிட்டுகளோடு சேர்ந்தோம். மூவருக்கும் சேர்த்து மாதம் ஒரு டன்னுக்குச் சற்று மேல் தேறுகிறது. இடம் ஒருவருடையது, தராசு ஒருவருடையது, டெம்போ வாடகை எடைக்கேற்பப் பங்கு. ஆனால் பில் மட்டும் மூன்றாகப் போடுகிறோம். ஒருவர் பெயரில் மொத்தமாகப் போட்டால் மற்ற இருவரின் கணக்கில் அந்தக் கழிவு காணாமல் போகும். பின்னால் சான்று கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. பைகளில் யூனிட் அடையாளம் இருப்பதும் அவசியம். ஒருவர் கவனக்குறைவால் லோடு திரும்பினால் செலவு யாருடையது என்பதை முதல் லோடுக்கு முன்பே பேசிவிடுங்கள். நட்புக்கு அதுதான் நல்லது.

மில்லுக்கு முதலில் லோடு அனுப்பாதீர்கள். வகைக்கு ஐந்து கிலோ மாதிரி கொண்டுபோய் நேரில் கொடுங்கள். அப்போது கேட்க வேண்டியவை: எடை யாருடைய தராசில், பைக்கு எத்தனை கழிப்பு, ஈரத்துக்கு எத்தனை, ஒரு பை மோசமாக இருந்தால் அந்தப் பைக்கு மட்டும் விலை குறையுமா முழு லோடுக்குமா, பணம் எத்தனை நாளில். பதில்களை வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்குங்கள். வழியில் எடை மேடையில் ஏற்றி ரசீது வைத்துக்கொள்வதற்குச் சிறு தொகைதான் ஆகும்; எனக்கு அது இரண்டு முறை உதவியது.

வேஸ்ட் கடைக்காரரை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். லைக்ராவும் பிரின்ட்டும் அவரிடம்தான் போகப்போகின்றன. ஒர்க்ஷாப்புகளுக்குத் துடைக்கும் துணி அனுப்பும் தொடர்பு அவரிடம்தான் இருக்கிறது. நல்லதை மில்லுக்குக் கொடுத்துவிட்டுக் கெட்டதை மட்டும் அவரிடம் நீட்டினால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். நியாயம்தானே?

6. பில், வரி, வண்டி

தேவைப்படும் காகிதங்கள்: ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), விற்பனை பில், எடை ரசீது, ஜாப் ஒர்க் என்றால் முதல் படியில் சொன்ன கடிதம்.

உத்யம் பதிவு முழுக்க இலவசம். அரசுத் தளம்போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் உள்ளன, ஏமாறாதீர்கள். இந்தப் பதிவு இருந்தால் கிடைக்கும் பெரிய பலன், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தர வேண்டும். மில் இழுத்தடித்தால் முதலில் இதைப் பணிவாக நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எச்.எஸ்.என். குறியீட்டில் (பில்லில் சரக்கின் வகையைக் காட்டும் எண்) குழப்பம் வரும். 5202 என்பது பருத்திக் கழிவு, நூல் கழிவையும் சேர்த்து. 6310 என்பது பழைய, புதிய கந்தைத் துணி. மில் தனக்குப் பழகிய குறியீட்டைப் போடச் சொல்லும். நீங்கள் ஆடிட்டரைக் கேட்டு ஒன்றை முடிவு செய்து, எல்லாப் பில்லிலும் அதையே போடுங்கள். மாதத்துக்கு ஒரு குறியீடு போட்டால் நோட்டீஸ் வரும்.

கழிவு விற்பனைக்கு வருமான வரிச் சட்டத்தில் டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் பிடித்துக் கட்டும் வரி) உண்டு. வாங்குபவர் அதைத் தன் உற்பத்திக்கே பயன்படுத்துகிறார் என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. மில் கொடுக்கும், கேட்டால்தான் கொடுக்கும். விகிதம் எவ்வளவு, உங்களுக்குப் பொருந்துமா என்று முதல் பில்லுக்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. இரண்டுக்கும் குறைவான சரக்கென்றாலும் வண்டியில் பில் இருந்தே ஆக வேண்டும்.

கையில் காசு கொடுத்துப் பில் இல்லாமல் எடுத்துப்போக ஆள் எப்போதும் தயாராக இருப்பார், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகவும் தருவார். அந்தச் சாக்கு போன நாளிலிருந்து உங்கள் எடை நோட்டில் ஓட்டை விழுகிறது. சான்று வேண்டாம், விலை மட்டும் போதும் என்பவருக்கும் வரிக் கணக்கில் அதே ஓட்டைதான்.

7. சான்றிதழ்: அவசரப்படாதீர்கள்

நான் செய்த முட்டாள்தனம், சாக்குக்கு முன்னால் சான்றிதழுக்குப் போனது. ஓர் ஆலோசகர் வந்து, "ஜி.ஆர்.எஸ். இல்லாமல் வேஸ்ட் விற்க முடியாது" என்றார். முன்பணமும் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது தவறு.

ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு), ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்டு) இரண்டும் மறுசுழற்சிப் பொருளுக்கு டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வகுத்த தரநிலைகள். சான்றிதழ்ச் சங்கிலி, கழிவைப் பஞ்சாக்கும் இடத்தில் தொடங்குகிறது. கழிவு கொடுக்கும் யூனிட்டுக்குச் சான்றிதழ் தேவையில்லை. உங்களிடம் மில் கேட்பது, இது இன்ன இடத்தில் விழுந்த இன்ன வகைக் கழிவு என்ற கையெழுத்திட்ட அறிவிப்பும் ஒப்பந்தமும்தான். தணிக்கையாளர் நேரில் வந்து பார்க்கவும் கூடும். அப்போது இரண்டாம் படியில் தொடங்கிய நோட்டு உங்களைக் காப்பாற்றும். உங்கள் துண்டு, நுகர்வோர் கைக்குப் போகும் முன் விழுந்த கழிவு. படிவத்தில் "நுகர்வோர் பயன்படுத்திய கழிவு" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். அது பொய் அறிவிப்பாகும்.

மறுசுழற்சி நூலில் தைத்த ஆடையை அந்தப் பெயரில் விற்க நினைத்தால்தான் உங்களுக்கே சான்றிதழ் வேண்டும். ஆர்.சி.எஸ். பொருளின் சங்கிலியை மட்டும் பார்க்கிறது. 5 விழுக்காடு மறுசுழற்சி இழை இருந்தாலே சான்று பெறலாம். ஜி.ஆர்.எஸ். குறைந்தது 20 விழுக்காடு கேட்கிறது, ஆடையில் முத்திரை போட 50. தொழிலாளர், ரசாயனம், சுற்றுச்சூழல் நிபந்தனைகளும் அதில் சேரும். சான்றிதழ் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். எங்களுக்கு வந்த மதிப்பீடு, ஆலோசகர் கட்டணம் நீங்கலாகவே, ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. மாதம் 360 கிலோ வேஸ்ட் அதைத் தாங்காது. ஜாப் ஒர்க் யூனிட் என்றால், எக்ஸ்போர்ட்டரின் சான்றிதழில் உங்களைத் துணை ஒப்பந்த இடமாகச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். அதுதான் குறைந்த செலவு. இந்த இரண்டு தரநிலைகளுக்கும் பதிலாக மெட்டீரியல்ஸ் மேட்டர் என்ற ஒன்றை அந்த அமைப்பு கொண்டுவருகிறது; புதிதாக விண்ணப்பிப்பவர்கள் எதில் சேர்வது என்று சான்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. நமக்கு டி.சி. என்றால் டெலிவரி சலான். இந்தச் சான்றிதழ்க்காரர்களுக்கு டி.சி. என்றால் ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வாங்க வேண்டிய பரிவர்த்தனைச் சான்று, அதற்குத் தனிக் கட்டணம். "டி.சி. அனுப்புங்கள்" என்று மெயில் வந்ததும் நான் சலானை ஸ்கேன் செய்து அனுப்பினேன். நூல் வாங்கும்போதே மில்லிடம் இந்தச் சான்று வருமா என்று கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரமில்லாமல் "பசுமை", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று நுகர்வோரிடம் சொல்வதற்குத் தடை நடைமுறைக்கு வருகிறது. வாங்குபவர்கள் திடீரென்று ஆதாரம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் ஹேங்டேக்கில் இலைப் படம் போடுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

8. மானியம் என்று வருபவர்கள்

எம்.எஸ்.இ. ஸ்பைஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தைச் சொல்லி ஏஜென்டுகள் வருவார்கள். கடனில் வாங்கும் இயந்திரத்துக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 12.5 லட்சம் மானியம். சிட்பி (சிறு தொழில் வளர்ச்சி வங்கி) வழியாக நடக்கிறது. திட்டம் உண்மையானதுதான், ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவுக்கானது. பனியன் துண்டுக்கு அதைக் காட்டிக் கமிஷன் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

துண்டு கிழிக்கும் இயந்திரத்தை நாமே வாங்கிப் போடலாமே என்ற ஆசையும் வரும். தூசி, மின்சாரம், தீ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று அது வேறு தொழில். தையல் யூனிட்டுக்குள் வேண்டாம்.

9. நூலைத் திரும்ப வாங்குவது

நம் துண்டிலிருந்து வந்த நூலையே வாங்கித் தைத்தால்தான் சுழற்சி முழுமையடையும் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கிழித்த பஞ்சின் இழை குட்டையானது. புதுப் பருத்தியோ பாலியஸ்டரோ கலந்துதான் நூற்கிறார்கள், கவுண்டும் (எண் கூடக் கூட நூல் மெலியும்) பெரும்பாலும் 20க்குக் கீழேதான். மெல்லிய சிங்கிள் ஜெர்சிக்கு அதை நினைக்காதீர்கள். ஃபிளீஸின் உள்பக்கம், தடித்த ஸ்வெட் ஷர்ட், துணிப்பை ஆகியவற்றில் தொடங்குங்கள்.

லாட்டுக்கு லாட் நிறம் சற்று மாறும். முதல் கோனில் மாதிரி நிட்டிங் செய்து, துவைத்து, சுருக்கம் பார்த்து, வாங்குபவரிடம் ஒப்புதல் பெற எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. ஆர்டர் கையில் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் ஷிப்மென்ட் தேதி தவறும். முழு ஆர்டருக்கும் நூலை ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள்.

10. எத்தனை நாள், எவ்வளவு செலவு

எடைக்கு ஒரு மாதம், பிரிப்பு பழக இரண்டு மாதம், மாதிரி கொடுத்து மில்லோடு பேசி முடிக்க ஒரு மாதம். நேர்வழியில் போனால் நான்கு மாதத்தில் முதல் நல்ல லோடு போகும். நான் சுற்றிய சுற்றுக்கு எட்டு ஆனது.

தராசு, மரப்பலகை, பை தைத்த கூலி, தீயணைப்பான் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. ஆலோசகருக்குக் கொடுத்த முன்பணத்தை இதில் சேர்க்கவில்லை, வீட்டில் கேட்டால் அதைச் சொல்லவும் இல்லை. மேசைக்காரர்களின் பங்கும் வண்டி வாடகையும் போகக் கலவை விலைக்கு மேல் நிற்கும் தொகை, ஒரு ஹெல்பரின் பாதி மாதச் சம்பளத்துக்குச் சமம். அதற்கு மேல் எதிர்பார்த்து இறங்காதீர்கள்.

முதல் லோடைத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் வைக்காதீர்கள். போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஊருக்குப் போவார்கள், மில்லும் டெம்போவும் கிடைக்காது, பிரித்து வைத்த பையை அவசரத்தில் யாராவது கலவையோடு தள்ளிவிடுவார்கள். தை மாதம் பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பியதும் தராசை எடுத்து வையுங்கள்.